‘கர்த்தர் காண்பித்தார்’ என்று சொல்லிவிட்டால் மறுக்கவே கூடாதா?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து 26 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிந்துவிடாதபடி சில விவரங்களைத் தவிர்த்துச் சுருக்கம் தருகிறோம்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்து மூன்று ஆண்டுகளாகத் தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். சி.எஸ்.ஐ. சபையில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவர். ஆறு ஆண்டுகளுக்கு முன் பெற்றோர் வீட்டருகே உள்ள ஒரு சுயாதீன பெந்தெகொஸ்தே சபைக்குப் போகத் தொடங்க, இவரும் கூடவே போனார். அங்கே ஞாயிறு பள்ளி நடத்துகிறார், பாடல் குழுவில் பாடுகிறார். ஏழு வாரங்களுக்கு முன் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாஸ்டர் எல்லோர் முன்பாகவும் இவர் தலையில் கைவைத்து, “கர்த்தர் எனக்குக் காண்பித்தார்” என்று சொல்லி, சபையில் உதவி ஊழியம் செய்யும் ஓர் இளைஞரைக் குறிப்பிட்டு, அவரை மணந்து, வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வரவேண்டும் என்றார். அதே வாரத்தில்தான் இவருக்கு வேறொரு நகரத்தில் பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை உறுதியாகியிருந்தது.

இவர் யோசிக்க நேரம் கேட்டார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் 1 சாமுவேல் 15: கர்த்தருக்குக் கீழ்ப்படியாத சவுல் ராஜா. நேரம் கேட்ட பத்தாம் நாள் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனையில், சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.8 என்று மிக அதிகமாக வந்தது. “உன் கீழ்ப்படியாமை வீட்டுக்குள் வியாதியைக் கொண்டுவந்துவிட்டது” என்றார் பாஸ்டர். அம்மா அழுகிறார். அப்பா, “பாஸ்டர் ஐயா சொன்னா கர்த்தர் சொன்ன மாதிரி” என்கிறார். இவர் கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்தால், கர்த்தர் சொன்னதைச் செய்யாமல் ஓடிப்போன யோனாவின் முதல் அதிகாரம் வந்ததாம். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. அடுத்த மாதம் உறுதி வைக்க நாள் குறித்திருக்கிறார்கள். அவர் கேட்பவை: மறுத்தால் பாவமா? அம்மாவுக்கு வந்தது என்னாலா? எனக்குச் சமாதானம் இல்லை என்பதே இது தேவசித்தம் இல்லை என்பதற்கு அடையாளம்தானே? பாஸ்டர் மேல் வழக்குப் போட முடியுமா?

அன்புச் சகோதரி, உங்கள் முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரட்டும். இந்தத் திருமணத்துக்கு ‘மாட்டேன்’ என்று சொல்வது பாவம் இல்லை. ‘யோசிக்க நேரம் வேண்டும்’ என்று கேட்டதும் பாவம் இல்லை. நீங்கள் இதுவரை மறுத்திருப்பது ஒரு மனிதர் முன்வைத்த ஆலோசனையை. அது தேவனிடமிருந்து வந்ததா என்பது இன்னும் சோதிக்கப்படவில்லை. அந்தச் சோதனையைச் செய்யும் கடமை உங்களுக்கும் சபைக்கும் உண்டு.

சவுலின் கதையை முழுதாக வாசியுங்கள்

“பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்” என்ற வசனம் உங்களைக் குறித்துச் சொல்லப்பட்டதுபோலப் பிரசங்கத்தில் ஒலித்திருக்கிறது. அந்த அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அமலேக்கியரை ஒன்றும் விடாமல் அழிக்க வேண்டும் என்ற கட்டளை சவுலுக்குத் தெளிவாகத் தெரியும், அதைப் பற்றி அவனுக்குச் சந்தேகமே இல்லை. தெரிந்தும், ராஜாவாகிய ஆகாகையும் கொழுத்த ஆடுமாடுகளையும் தப்பவிட்டான், பிறகு பலியிடத்தான் வைத்திருக்கிறோம் என்று சாக்குச் சொன்னான். ஏன் அப்படிச் செய்தான் என்பதை 24ஆம் வசனத்தில் அவனே ஒப்புக்கொள்கிறான்: “நான் ஜனங்களுக்குப் பயந்து, அவர்கள் சொல்லைக் கேட்டேன்.” இதைப் பிரசங்கங்களில் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. சவுலின் கீழ்ப்படியாமைக்கு வேர் மனுஷருக்குப் பயந்ததுதான். சபையார் என்ன நினைப்பார்களோ, அப்பா முகம் கொடுப்பாரோ மாட்டாரோ என்று பயந்து நீங்கள் ‘சரி’ என்று சொன்னால், சவுல் நின்ற இடத்துக்கு அதுதான் அருகில்.

அடுத்த அதிகாரத்தையும் சேர்த்தே வாசியுங்கள். சவுலைக் கண்டித்த அதே சாமுவேல், ஈசாயின் வீட்டில் எலியாபைப் பார்த்தவுடன் கர்த்தர் அபிஷேகம்பண்ணப்போகிறவன் இவன்தான் என்று எண்ணினார். தவறு. கர்த்தர் அவரைத் திருத்தினார். தாவீது ஆலயம் கட்ட வேண்டும் என்றபோது நாத்தான் தீர்க்கதரிசி ‘நீர் போய்ச் செய்யும்’ என்று உடனே சொல்லிவிட்டார், அன்று ராத்திரியே கர்த்தர் அதை மாற்றினார் (2 சாமுவேல் 7). இவர்கள் இருவரும் கள்ளத்தீர்க்கதரிசிகள் அல்ல. உண்மையான தீர்க்கதரிசிகள், நல்ல மனதோடு சொன்ன முதல் வார்த்தையிலேயே பிசகியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் பாஸ்டர் பொய்யர் என்று முடிவு கட்டாமலே, அவர் சொன்னது தவறாக இருக்கலாம் என்று நீங்கள் எண்ணலாம். சபைக்கு ஊழியர் வேண்டும், அந்த இளைஞருக்கு நல்ல துணை வேண்டும் என்ற பாரம் அவர் மனதில் இருந்திருக்கும். நீண்ட உபவாசத்தில் மனதில் எழுந்ததைத் தேவசத்தம் என்று எடுத்துக்கொள்வது பக்தியுள்ளவர்களுக்கும் நேர்வதுதான்.

“நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாமலும்” என்ற சங்கீத வசனத்தைச் சொல்லி வாயடைக்கப் பார்ப்பார்கள். தாவீது சவுலின் மேல் கை போடவில்லை, உண்மை. ஆனால் சவுல் கூப்பிட்டபோதெல்லாம் அரமனைக்குத் திரும்பிப் போகவும் இல்லை, விலகி வனாந்தரத்தில் இருந்தான். ஒருவருக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதும் அவர் சொன்னதையெல்லாம் செய்வதும் வேறு வேறு காரியங்கள். எபிரெயர் 13:17 நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. போதனையிலும் சபை ஒழுங்கிலும் அது நியாயமானது. ஆனால் பவுல் தன்னைப் பற்றி எழுதியதைப் பாருங்கள்: “உங்கள் விசுவாசத்திற்கு நாங்கள் அதிகாரிகளாயிராமல், உங்கள் சந்தோஷத்திற்குச் சகாயராயிருக்கிறோம்.” அதே பவுல், கன்னிகைகளின் திருமணம் பற்றி எழுதும்போது “கர்த்தரிடத்தில் எனக்குக் கட்டளையில்லை” என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஆலோசனையாகத்தான் மேலே பேசுகிறார். அந்த அதிகாரத்தின் கடைசியில், கணவனை இழந்த பெண் தனக்கு இஷ்டமானவனை மணக்க விடுதலையாயிருக்கிறாள் என்கிறார். நிபந்தனை ஒன்றுதான்: அவன் கர்த்தருக்குட்பட்டவனாயிருக்க வேண்டும். ஓர் அப்போஸ்தலர் ‘கட்டளை இல்லை’ என்று சொன்ன இடத்தில் இன்னொருவர் பெயரோடும் தேதியோடும் கட்டளை கொடுப்பாரானால், அவர் அப்போஸ்தலரைத் தாண்டிப் போகிறார்.

ரெபெக்காளிடம் கேட்ட கேள்வி

வேதத்தில் தேவன் நடத்திய திருமணம் என்று எல்லாரும் சுட்டுவது ஈசாக்கு-ரெபெக்காள் திருமணத்தை. ஊழியக்காரன் ஜெபிக்கிறான், அடையாளம் கேட்கிறான், கேட்டபடியே துரவண்டையில் நடக்கிறது. தகப்பனும் சகோதரனும் ‘இது கர்த்தரால் வந்தது’ என்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு மறுநாள் காலையில் என்ன சொல்கிறார்கள்? “பெண்ணை அழைத்து, அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம்.” நீ இந்த மனிதனோடே போகிறாயா என்று கேட்கிறார்கள், அவள் போகிறேன் என்கிறாள். அதற்கும் முன்பே ஆபிரகாம், பெண்ணுக்கு வர மனதில்லாவிட்டால் உன் ஆணை நீங்கிற்று என்று ஊழியக்காரனிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தான். அடையாளம் அத்தனையும் பொருந்திய பிறகும் பெண்ணின் சம்மதம் தனியாகக் கேட்கப்பட்டது. உங்கள் காரியத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் யார்?

அந்த இளைஞரிடமும் யாராவது கேட்டார்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. அவரும் உங்களைப் போலவே எல்லோர் முன்பாகவும் தலையசைக்க வைக்கப்பட்டிருக்கலாம்.

இதில் சரித்திரம் கற்றுக்கொடுத்த பாடமும் ஒன்று உண்டு. 1760இல் தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்பிய மொராவிய சபை என்ற புராட்டஸ்டண்ட் சபையார் திருமணம் உட்பட முக்கிய முடிவுகளைச் சீட்டுப் போட்டுக் கேட்கும் வழக்கம் வைத்திருந்தார்கள். மிகுந்த ஜெபத்தோடும் உண்மையான பக்தியோடும் செய்தார்கள். அப்படிப்பட்ட சபையிலேயே அந்த வழக்கம் தாங்க முடியாத பாரமாயிற்று. 1818இல் கூடிய அவர்களுடைய பொதுச் சங்கம் அமெரிக்கச் சபைகளில் திருமணத்துக்குச் சீட்டு என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறது: வாழ்க்கை நிலையைத் தெரிந்துகொள்வதில் எந்த நிர்ப்பந்தமும் கூடாது என்பது விசுவாசிகளின் உரிமை (219), வன்முறையாலோ கடும் அச்சத்தாலோ செய்த திருமணம் செல்லாது (1103). நீங்கள் அந்தச் சபையைச் சேர்ந்தவர் அல்லதான். ஆனாலும் இவ்வளவு வேறுபட்ட மரபுகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

சொல்லப்பட்டதை எப்படிச் சோதிப்பது

தீர்க்கதரிசனமே இல்லை என்று நான் சொல்லவில்லை. “தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்” என்று வேதம் சொல்கிறது. அதற்கு அடுத்த வசனமே “எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்பது. இரண்டும் ஒரே மூச்சில் எழுதப்பட்டவை. கொரிந்து சபையிலும் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள் என்றுதான் ஒழுங்கு. பேசினவரே நீதிபதியாகவும் இருக்க முடியாது.

முதலில் கேட்க வேண்டியது: வேதம் ஏற்கனவே தெளிவாகச் சொன்னதோடு இது ஒத்துப்போகிறதா? ஊழியக்காரரை மணப்பதில் வேதத்துக்கு முரண் ஒன்றும் இல்லை, ஆகவே இந்தக் கேள்வி மட்டும் விடை தராது. இதனால் யாருக்கு லாபம் என்பது இரண்டாவது. சொன்னவருக்கே ஒரு முழுநேர ஊழியரும், அவருடைய உதவி ஊழியருக்கு ஒரு துணையும் கிடைக்கிற தீர்க்கதரிசனத்தை இரட்டிப்புக் கவனத்தோடு நிறுத்துப் பார்க்க வேண்டும். இது அவர்மேல் குற்றம் சுமத்துவது ஆகாது, அவரும் மனிதர் என்பதை மறக்காமல் இருப்பதுதான். மூன்றாவது, சோதிக்க இடம் கொடுக்கிறார்களா? நேரம் கேட்டபோது ‘நன்றாக ஜெபித்துச் சொல்லு’ என்று பதில் வந்திருந்தால் அது ஒரு ஆவி. பிரசங்கத்தில் சவுலும், பிறகு வீட்டில் வியாதியும் பதிலாக வந்தது வேறு ஆவி. தேவன் நமக்குக் கொடுத்திருப்பது பயமுள்ள ஆவி அல்ல, பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவி என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். என் பார்வையில் உங்கள் கடிதத்தில் மிகக் கவலைக்குரிய பகுதி இதுதான். அந்த வெள்ளிக்கிழமை வார்த்தையைவிட, அதற்குப் பின் வந்த மிரட்டலே அதைப் பற்றி அதிகம் சொல்லிவிட்டது.

சரியான தீர்க்கதரிசனமே ஆனாலும் முடிவு யாருடையது என்பதற்கு அப்போஸ்தலர் 21ஐ வாசியுங்கள். தீருவில் சீஷர்கள் ‘எருசலேமுக்குப் போகவேண்டாம்’ என்று ஆவியின் ஏவுதலினாலே பவுலுக்குச் சொன்னார்கள். செசரியாவில் அகபு என்ற தீர்க்கதரிசி, அங்கே பவுல் கட்டப்படுவார் என்பதற்கு அடையாளமாக, பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக் காண்பித்தான். கூட இருந்தவர்கள் அழுது வேண்டிக்கொண்டார்கள். பவுல் கேட்டார், நிறுத்துப் பார்த்தார், போனார். அவர்கள் அவரைச் சபிக்கவில்லை, “கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது” என்று அமர்ந்தார்கள். ஒருவர் இன்னொருவருக்காகப் பெற்ற வார்த்தை, கேட்கிறவரின் மனச்சாட்சிக்குள் நுழைந்துதான் கீழ்ப்படிதலாக வேண்டும், அதைச் சுற்றிக்கொண்டு போக வழி இல்லை.

‘சமாதானம் இல்லை’ என்பதும் யோனாவும்

இங்கே உங்களையும் கொஞ்சம் திருத்த வேண்டும். சமாதானம் இல்லாததாலேயே இது தேவசித்தம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு எளிதாக அப்படி முடிவு செய்துவிட முடியாது. கெத்செமனேயில் இயேசுவுக்கு இருந்தது வியாகுலம், ஆனாலும் அவர் பிதாவின் சித்தத்துக்குள்தான் இருந்தார். யோனாவோ எதிர்த்திசையில் ஓடும்போது கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். கலக்கம் சில நேரம் எச்சரிப்பு, சில நேரம் வெறும் பயம், சில நேரம் ஏழு வாரத் தூக்கமின்மை. அதை ஒரு தகவலாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வைக்காதீர்கள். கெத்செமனேயிலிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளலாம். “உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது” என்பதற்கு முன் தம் விருப்பத்தை அவர் மறைக்காமல் சொன்னார்: இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும். எனக்கு இந்த வேலை வேண்டும், இந்தத் திருமணத்தில் மனம் இல்லை என்று ஜெபத்தில் வாய்விட்டுச் சொல்ல நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

கண்ணை மூடி வேதத்தைத் திறப்பதை நிறுத்திவிடுங்கள். 1189 அதிகாரங்களில் எதைத் திறந்தாலும் பயந்திருக்கிற மனம் தனக்கு எதிராக ஒன்றைக் கண்டுபிடித்துவிடும். கி.பி. 386இல் அகுஸ்தீனார் மிலான் நகரத் தோட்டத்தில் அப்படித்தானே ரோமர் நிருபத்தைத் திறந்தார் என்று சிலர் கேட்பார்கள். அவர் வாசித்தது, களியாட்டை விட்டுக் கிறிஸ்துவைத் தரித்துக்கொள் என்று எல்லாருக்கும் பொதுவாக எழுதப்பட்ட வார்த்தை. மாப்பிள்ளை பெயரையும் வேலை நியமனத்தையும் அவர் அதில் தேடவில்லை. யோனாவுக்கோ கர்த்தருடைய வார்த்தை நேராகவே உண்டாயிற்று, பக்கம் புரட்டி வரவில்லை.

தேவசித்தம் என்றால் ஒரே மாப்பிள்ளை, ஒரே ஊர், ஒரே வேலை, தவறினால் வாழ்நாளெல்லாம் இரண்டாம் தரம் என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. “தேவனுடைய சித்தமாயிருக்கிறது” என்று வேதம் நேரடியாகச் சொல்லும் இடங்களை எடுத்துப் பாருங்கள்: பரிசுத்தமாயிருப்பது (1 தெசலோனிக்கேயர் 4:3), எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்வது (5:18), நன்மைசெய்து புத்தியீன மனுஷரின் வாயை அடக்குவது (1 பேதுரு 2:15). இவற்றைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் செய்யலாம், ஊழியத்திலும் செய்யலாம். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப்புண் வராமல் காப்பதை ஊழியத்துக்குக் கீழான காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முடிவெடுக்கும் முறை ஒன்று தருகிறேன். 1548இல் போப்பாண்டவர் ஒப்புதல் பெற்ற லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில் உள்ளது, கத்தோலிக்க முறை என்று தள்ளிவிடாதீர்கள். மனம் இருண்டு சோர்ந்திருக்கும் காலத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே என்பது அவருடைய முக்கிய விதி. வேலைக்கு விண்ணப்பித்ததும் நேர்காணலுக்குப் போனதும் நீங்கள் தெளிவாக இருந்தபோது. அடுத்து, ஒரு தாளில் நான்கு பத்தி: வேலையில் சேர்ந்தால் நன்மை, தீமை, இந்தத் திருமணத்தை ஏற்றால் நன்மை, தீமை. பிறகு மூன்று கேள்விகள். முன்பின் தெரியாத ஒரு பெண் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வேன்? மரணப்படுக்கையில் இருந்து திரும்பிப் பார்த்தால் எதைத் தேர்ந்திருக்க விரும்புவேன்? நியாயத்தீர்ப்பு நாளில்? பத்து நாள், தினமும் அரை மணி நேரம், ஒரே நேரத்தில் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் எழுதியதை மறுநாள் பார்க்காதீர்கள், கடைசியில் சேர்த்து வாசியுங்கள். முதல் இரண்டு நாள் எழுதியது பெரும்பாலும் பயமாகவே இருக்கும், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அம்மாவின் சர்க்கரை

நீங்கள் செவிலியர், இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் குற்ற உணர்வு தெரிந்ததையும் மறக்கடித்துவிடும். ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுகிறது. நீங்கள் நேரம் கேட்ட பத்தாம் நாள் எடுத்த பரிசோதனையில் 9.8 என்றால், சர்க்கரை அதற்கு வெகு முன்பிருந்தே கட்டுப்பாட்டில் இல்லை. காரணத்தை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்: ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் பிறகு அம்மா மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். அந்தக் கூட்டம் பாஸ்டரின் வார்த்தைக்கு ஒரு மாதம் முந்தியது.

வேத ரீதியாகவும் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களை இயேசு திருத்தினார். ஒருவருடைய அக்கிரமத்தை இன்னொருவர் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 முழுவதும் சொல்கிறது. யாக்கோபு மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொன்னார், மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குப் பிழைப்பாய் என்று வார்த்தை வந்த பிறகும் ஏசாயா அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னார்.

அம்மாவை இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். விட்ட மாத்திரையைப் பழைய அளவில் தானாகத் தொடங்க வேண்டாம், மருத்துவர் அளவைப் பார்த்துத் தரட்டும். அடுத்த 21 நாள் உபவாசத்தில் அவர் கலந்துகொள்ளப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70க்குக் கீழே போய் மயக்கம் வரும், மாத்திரை இல்லாமல் இருந்தால் மேலே ஏறும். நோயாளிக்கு உபவாசத்திலிருந்து விலக்கு என்பது பழைய சபைகள் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம். சாப்பாட்டை விடாமல் ஜெப வேளையைக் கூட்டிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள், அவர் கேட்பார்.

சட்டம் என்ன சொல்கிறது

வயது வந்தவர் தம் துணையைத் தாமே தேர்ந்தெடுப்பது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2018இல், ஷஃபின் ஜஹான் வழக்கில் உறுதியாகச் சொன்னது. உறுதி வைத்து மோதிரம் மாற்றியிருந்தாலும் அது திருமணம் ஆகாது, அதைக் காட்டி யாரும் உங்களை மணக்கக் கட்டாயப்படுத்த முடியாது.

1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி எல்லாப் பாஸ்டர்களும் திருமணம் நடத்திவைக்க முடியாது. முறையாக அபிஷேகம் பெற்ற குருவாகவோ, அரசு உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். அதிகாரமில்லாமல் நடத்துவது குற்றம், அத்திருமணத்தின் செல்லுபடியும் கேள்விக்குள்ளாகும். உங்கள் சபை சுயாதீன சபை என்பதால் இது முக்கியம். சம்மதம் வன்முறையாலோ மோசடியாலோ பெறப்பட்டது என்று நிரூபித்தால் 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 19ஆம் பிரிவின் கீழ் திருமணத்தை ரத்துச்செய்யக் கேட்கலாம். ஆனால் சாபம் வரும் என்று பயந்துதான் தலையாட்டினேன் என்பதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம், ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் இப்போதே வாய் திறந்து சொல்லுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

வழக்குப் பற்றிக் கேட்டீர்கள். தீர்க்கதரிசனம் சொல்வது குற்றமில்லை. தன் செயலால் ஒருவர்மேல் தேவகோபம் வரும் என்று நம்பவைத்து, அவர் செய்யக் கடமைப்படாததைச் செய்யவைப்பது குற்றம் என்று பாரதிய நியாய சன்ஹிதையின் 354ஆம் பிரிவு சொல்கிறது (பழைய தண்டனைச் சட்டத்தில் 508). “கீழ்ப்படியாமையால் வியாதி வந்தது” என்ற பேச்சு மட்டும் அதற்குள் அடங்குமா என்பது வாதத்துக்குரியது. ‘நான் சபிப்பேன்’ என்ற அளவுக்குப் போனால் நிலைமை மாறும். இப்போதைக்குப் போலீஸுக்குப் போவதை நான் பரிந்துரைக்கவில்லை. போனால் பெற்றோர் முழுவதும் பாஸ்டர் பக்கம் சாய்வார்கள். ஆனால் வீட்டில் அடைத்துவைத்தாலோ, போனையோ சான்றிதழையோ பறித்தாலோ தயங்காமல் 181க்கு அழையுங்கள். விரும்பாத திருமணத்துக்குக் கட்டாயப்படுத்துவதைக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் விதிகள் மனரீதியான கொடுமை என்றே பட்டியலிடுகின்றன. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார், 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

யாரிடம் எப்போது பேசுவது

வரிசை முக்கியம். பாஸ்டரிடம் முதலில் போனால் உங்கள் ‘மாட்டேன்’ அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் ஜெபக்குறிப்பாகிவிடும். அம்மாவிடம் தொடங்குங்கள், மருத்துவரிடம் போய்வந்த பிறகு. அவர் பயம் குறையும்போதுதான் நீங்கள் சொல்வது காதில் விழும். அப்பாவிடம் வசன யுத்தம் வேண்டாம். ரெபெக்காளின் அதிகாரத்தை அவரையே வாசிக்கச் சொல்லி, “அப்பா, என் வாய்ப்பிறப்பை நீங்க கேட்கலையே” என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் அவரைக் கனம்பண்ணுகிறீர்கள் என்பது தொனியில் தெரிய வேண்டும். கனம்பண்ணுவது கடைசிவரை உள்ள கடமை, அதற்காக வயது வந்த மகள் திருமண முடிவைத் தகப்பனிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஆகாது.

மூன்றாவதாக அந்த இளைஞரிடம், பெற்றோருக்குத் தெரிந்து, ஐந்து நிமிடம் பேசுங்கள். அவரைக் குறை சொல்லாமல், எனக்கு மனமில்லை, உங்களுக்கும் இது சுமையாக இருக்கலாம் என்று சொன்னால் போதும். அவரே பின்வாங்கினால் பாதிச் சிக்கல் அவிழும்.

பாஸ்டரிடம் தனியாகப் போகாதீர்கள். பெற்றோரில் ஒருவரோ, உங்கள் பழைய சேகரத்துக் குருவானவரோ, இரு தரப்பும் மதிக்கும் மூப்பர் ஒருவரோ கூட வரட்டும். குருவானவரை இன்றே பார்க்கலாம், நீங்கள் திடப்படுத்தல் பெற்ற சபை அது, சபை மாறியதற்காக அவர் உங்களைத் திருப்பி அனுப்பமாட்டார். பாஸ்டரிடம் இரண்டு வாக்கியம் எழுதிக்கொண்டு போங்கள்: “ஐயா, நீங்கள் சொன்னதை ஜெபத்தோடு சோதித்துப் பார்த்தேன். இந்தத் திருமணத்துக்கு எனக்குச் சம்மதம் இல்லை.” காரணம் கேட்டால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்கள். காரணங்களை அடுக்க ஆரம்பித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் பதிலாக வரும், அரை மணி நேரத்தில் களைத்துப்போய்ச் சரி என்று சொல்லிவிடுவீர்கள். தலையில் கைவைத்து ஜெபிக்க வந்தால், “இன்றைக்கு வேண்டாம் ஐயா, எனக்காக வீட்டில் ஜெபியுங்கள்” என்று மறுக்கலாம். ‘யோசிக்கிறேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். முதல்முறை அது நேர்மையாக இருந்தது, இனி அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இதற்கிடையில் பட்டச் சான்றிதழ், செவிலியர் கவுன்சில் பதிவுச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் அசல் உங்கள் கையில் இருக்கட்டும். சம்பளக் கணக்கின் ஏடிஎம் அட்டை அப்பாவிடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், வேலை மாறும்போது புதுக் கணக்கு தொடங்கி அட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நியமன உத்தரவுக்கு ஏற்புக் கடிதம் அனுப்பும் தேதி தவறிவிடக் கூடாது. சேரும் தேதியைத் தள்ளிக் கேட்க வேண்டுமானால் மருத்துவமனை நிர்வாகத்திடம் அம்மாவின் உடல்நிலையைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

சில மாதம் வீட்டில் பேச்சு குறையும். உங்களோடு பாடல் குழுவில் பாடியவர்கள் விலகுவார்கள், அது வலிக்கும். புது ஊரில் முதல் ஞாயிறே ஒரு சபைக்குப் போங்கள். சேர்வதற்கு முன் அங்கே மூப்பர்கள் இருக்கிறார்களா, கணக்கு சபைக்கு வாசிக்கப்படுகிறதா, போதகர் சொன்னதைப் பற்றிக் கேள்வி கேட்டவர்கள் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். அம்மாவுக்கு வாரம் இருமுறை போன் செய்து, மாத்திரை போட்டாரா என்று மட்டும் கேளுங்கள், வேறெதையும் அவரே ஆரம்பிக்கும்வரை காத்திருங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஹெச்பிஏ1சி எடுக்கச் சொல்லுங்கள்.